கால்வாய் வாசலுக்குப் பூட்டு

என் அண்ணிக்குக் கோபமே வராது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர்கள் யாரும் அவரோடு பழகியவர்கள் இல்லை. எனக்கு வருகிற கோபம் வாய் வழியாகப் போய்விடும். நாலு வீட்டுக்குக் கேட்கும், அதோடு சரி. அண்ணிக்கு வருவது கைக்குப் போகும். கையில் எப்போதும் ஒரு அரம் இருக்கும். அது சாவியில் உரசும் சத்தம் மாறினால், நான் மெத்தை உறை தைக்கும் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன்.

அவருடைய பூட்டுக் கடையும் எங்கள் மெத்தைக் கடையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சாவி போடுவது, பூட்டு ரிப்பேர், சாவியைத் தொலைத்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கதவு திறந்து கொடுப்பது, இதுதான் வேலை. அவருடைய அப்பாவின் கடை அது. லாரி ஓட்டும் என் அண்ணன் ஒருநாள் வண்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு அந்தக் கடைக்குப் போனான். சாவி கிடைத்தது, ஆள் திரும்பி வரவில்லை. வந்தபோது கல்யாணப் பேச்சோடு வந்தான். இன்றைக்கும் அவன் வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். கடை, வீடு, ஒரே மகள், எல்லாம் அண்ணி தலையில்தான். முறைப்படி என் கணவர் அவருக்கு அண்ணன் ஆகவேண்டும். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் தெரு கால்வாயில் போய் முடியும். கரையை ஒட்டி ரயில்வே ஸ்டேஷனின் பின்பக்கச் சுவர். ரயிலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் எங்கள் மாடியிலிருந்து தெரியும். ஆனால் ஸ்டேஷன் வாசல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். இறங்கியவர்கள் சுற்றிக்கொண்டு, ரயில் பாலத்துக்கு அடியில் கால்வாய் ஓரமாக நடந்து வரவேண்டும். ஒரு பக்கம் ஈரச் சுவர், மறுபக்கம் தண்ணீர், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. விளக்கு மாட்டினால் மறுநாளே உடைந்து கிடக்கும்.

அண்ணன் மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு மணி வண்டிக்குத்தான் வருவாள். போன மழைக்காலத்தில் அந்தப் பாலத்தடியில் ஒருவன் அவள் பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. தள்ளிவிட்டான். கரைக்கல்லில் வலது முழங்கை மோதி நொறுங்கி, தண்ணீருக்குள் விழுந்தாள். ஒற்றைக் கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கை இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை. வளர்ந்த பெண், தலை வாரிக்கொள்ளத் தினமும் அம்மா முன்னால் போய் உட்காருகிறாள்.

அப்போது தெருவே கொதித்தது. "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று மருந்துக் கடைக்காரர் மேஜையைக் குத்தினார். மூலை வீட்டுப் பெரியவர், பெரிய ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், ரயில்வே ஆட்களிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு எல்லாரோடும் அலைந்தார். கால்வாய்ப் பக்கம் ஒரு வாசல் வைக்கும்வரை விடமாட்டோம் என்றார்கள், விடவும் இல்லை. சுவரை உடைத்துப் புது வாசல் வந்தது. கண்ணாடிக் கூரை, பளிச்சென்று விளக்கு, தண்ணீர் வரைக்கும் இறங்கும் அகலமான படிகள். திறந்த அன்று எங்கள் தெரு அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அண்ணி மட்டும் வாசலில் நின்று மகள் வருவதைப் பார்த்தார். வண்டி நின்று, அவள் இறங்கி, எங்களிடம் வந்து சேர்வதற்குள் நான் குடித்துக்கொண்டிருந்த டீ ஆறக்கூட இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது முணுமுணுப்பு. வெளியாட்கள் வந்து படியில் உட்காருகிறார்களாம். பையன்கள் போனில் பாட்டு வைக்கிறார்களாம். விளக்கு வெளிச்சத்தில் மூலை வீட்டுப் பெரியவருக்குத் தூக்கம் வரவில்லையாம். மருந்துக் கடை வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்துகிறார்களாம். கண்ணாடியில் எச்சில் கறை, படியில் காகிதக் குப்பை. எல்லாம் உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கூட்டம் வந்தால் குப்பையும் வரும். பெருக்க வேண்டியவனைப் பெருக்கச் சொல்ல வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா?

அது எங்களுக்குத் தெரிந்ததே ஸ்டேஷன் சூப்பர்வைசர் வாயால்தான். ஒரு காலையில் அண்ணி கடைக்கு வந்து நின்றார்.

"அம்மா, புது வாசல் கம்பிக் கதவுக்கு நல்ல பூட்டா ஒண்ணு போட்டுத் தரணும். இனிமே சாயந்திரம் ஏழு மணிக்கு மூடிருவோம்."

நான் ஊசியும் நூலுமாக எழுந்து ஓடினேன். "மூடுவீங்களா? எதுக்கு? யார் கேட்டா?"

"உங்க தெருக்காரங்கதாம்மா. நேர்ல வந்து நச்சரிச்சாங்க. மருந்துக் கடை, மூலை வீட்டு ஐயா, அந்த லாண்டரி, அப்புறம் பக்கத்துல மெத்தைக் கடைக்காரர்."

மெத்தைக் கடைக்காரர். என் புருஷன். என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போய், என்னிடம் ஒரு வார்த்தை மூச்சு விடாமல், அங்கே போய் நின்றிருக்கிறார்.

அண்ணி அரத்தைக் கீழே வைத்தார். "எப்ப வேணும்?" என்றார்.

"இன்னைக்கே."

"போட்டுடறேன்."

அவர் போனதும் நான் அண்ணி மேல் பாய்ந்தேன். "உங்களுக்கு வெட்கமா இல்லையா அண்ணி? நீங்களே பூட்டு போடுவீங்களா? உங்க பொண்ணுதானே அந்தப் பாலத்துக்கு அடியில நடக்கணும்?"

"நான் போடலைன்னா வேற ஆள் போடுவான்" என்றார். அவ்வளவுதான் பதில். நான் காலை உதைத்துக்கொண்டு எங்கள் கடைக்குள் போனேன்.

என் கணவர் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தினமும் நம்ம சுவத்துல மூத்திரம் பெய்யறான். பஞ்செல்லாம் நாறுது. நான் என்ன பண்ணட்டும்?"

"சுவத்தைத் தண்ணி ஊத்திக் கழுவலாம். அவ கையை எதை ஊத்தி மடக்குவீங்க?"

அவர் மூட்டைக்குள் குனிந்துகொண்டார். வாயைத் திறந்திருந்தால் அன்று பஞ்சு மூட்டைக்குப் பதில் அவரைத்தான் அடித்துத் துவைத்திருப்பேன்.

மத்தியானத்துக்குள் அண்ணி பூட்டைப் பொருத்திவிட்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. சாவி ராவும் சத்தம் கேட்டது. ஒன்று முடிந்து இன்னொன்று, இன்னொன்று. சத்தம் மாறியிருந்தது. நான் மிஷினை நிறுத்தினேன்.

பொழுது சாய்கிற நேரம், முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். முதலில் மருந்துக் கடை. மருந்து மேஜை மேல் ஒரு புதுச் சாவியை வைத்தார்.

"இது என்னம்மா?"

"வாசல் சாவி. பூட்டச் சொன்னது நீங்கதானே? எட்டு மணி வண்டிக்கு என் பொண்ணு வருவா. போய்த் திறந்து விடுங்க."

"கடையில கூட்டமா இருக்கும்மா, நான் எப்படி..."

"அப்ப அவ உள்ளயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு லாண்டரிக்கு நடந்தார். அங்கே இஸ்திரி மேஜையில் ஒன்று. மூலை வீட்டுப் பெரியவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சட்டப்படி குத்தம். தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க. புகார் குடுங்க. உங்களுக்குத்தான் வழி நல்லாத் தெரியுமே."

கடைசியில் எங்கள் கடை. என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அண்ணி அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் இரண்டு சாவியை வைத்து மூடினார்.

"உங்களுக்கு ஒண்ணு கூடுதலா போட்டேன் அண்ணே. சாவி தொலைஞ்சிடுச்சுன்னு நீங்க சொல்லிரக் கூடாது பாருங்க."

அண்ணி அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். குரல் ஏறவே இல்லை. அதுதான் அவரை அறுத்தது.

எட்டு மணி வண்டி வந்தபோது நானும் அண்ணியும் வாசலுக்கு வெளியே நின்றோம். மகளிடம் போனில் சொல்லிவைத்திருந்தார், நேராகப் புது வாசலுக்கே வா என்று. அவள் வந்து கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பின்னால், பூட்டியிருப்பது தெரியாமல் வந்தவர்கள் ஒரு கும்பல். நடுவில் இரண்டு பையோடு மருந்துக் கடைக்காரர் மனைவி.

"எவன் இதைப் பூட்டினது?" என்று அந்தம்மா கதவை உலுக்கினார்.

"உங்க வீட்டுக்காரர்தான்" என்றார் அண்ணி.

"அம்மா, திறம்மா" என்றாள் மகள்.

"என்னால முடியாது. மாமாகிட்டதான் சாவி இருக்கு."

அண்ணியின் இடுப்பிலும் ஒரு சாவி செருகியிருந்தது எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே சத்தம் கூடியது, யாரோ கெட்ட வார்த்தை சொன்னான். நானே பிடுங்கித் திறந்துவிடலாமா என்று இருந்தது. அப்போது என் கணவர் வந்தார், சட்டையெல்லாம் பஞ்சோடு, கிட்டத்தட்ட ஓட்டமாக. யாரையும் பார்க்கவில்லை. புதுப் பூட்டு, பிடிவாதமாக நின்றது. சாவியை இப்படியும் அப்படியும் திருப்பினார். "சாவியை உள்ள அழுத்தித் திருப்புங்க அண்ணே" என்றார் அண்ணி.

கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தவள் மகள்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா. பாலத்துக்கு அடியில போகணுமோன்னு பயந்தே போயிட்டேன்" என்றாள்.

அவர் அங்கேயே நின்றார். கூட்டம் முழுக்க அவரை இடித்துக்கொண்டு போனது. அன்றிரவு சீக்கிரமே போய்ப் படுத்துக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாகத் திட்டவேண்டும் என்றே தோன்றவில்லை.

மறுநாளும் வந்து திறந்தார். அதற்கு மறுநாள் மருந்துக் கடைக்காரர் வந்தார், மனைவி துரத்தியிருக்க வேண்டும். லாண்டரிக்காரர் ஒருமுறை வந்தார். மூலை வீட்டுப் பெரியவர் வரவே இல்லை. அவர் வராதது எனக்கு நல்லதுதான், திட்டுவதற்கு ஒரு ஆள் மிச்சம் வேண்டும்.

விஷயம் ஸ்டேஷன் வரை போய்விட்டது. சூப்பர்வைசர் முகம் சிவந்து வந்து, வீடு வீடாக ஏறினார். எங்கள் கடைக்கும் வந்தார். பூட்டச் சொல்லிக் கேட்டவரே முன்னால் நிற்கிறார் என்ற தெம்பில், "சாவியைக் குடுங்க சார்" என்று கையை நீட்டினார்.

என் கணவர் மெத்தையைத் தட்டிக்கொண்டே, "எந்தச் சாவி?" என்றார்.

மருந்துக் கடையிலும் அதே பதில்தான். லாண்டரியிலும் அதேதான். சூப்பர்வைசர் கடைசியில் அண்ணி கடையில் வந்து நின்று கத்தினார். ரயில்வே சொத்து என்றார், போலீஸ் என்றார். அண்ணி அரத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி ஓய்ந்த சூப்பர்வைசர், "அந்தப் பூட்டைத் தூக்கிப் போடுங்க. இன்னைக்கே வேற புதுசு போடணும்" என்றார்.

அண்ணி அரத்தில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளை ஊதினார். சுவருக்கு இந்தப் பக்கம் என் கணவர் மெத்தை தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"போட்டுடலாம் சார்" என்றார் அண்ணி. "எத்தனை சாவி வேணும்?"