ரோட்டைப் பாத்துப் பேசு

“நேத்து எதுல விட்டோம்?” என்று கேட்டபடிதான் எசென்குல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறார். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பல் மருத்துவராக இருக்கலாம், ஆட்டுச் சந்தைத் தரகராக இருக்கலாம், போன மாதம் கல்யாணமாகி வந்த மருமகளாக இருக்கலாம். கேள்வி ஒன்றுதான். போன வகுப்பில் பாதியில் நின்ற பேச்சைத் தொடங்கிய பிறகுதான் கிளட்ச்சை மிதிக்கலாம்.

“அந்த டாக்டர் தன் பொண்டாட்டி எழுதின கடுதாசியக் கிழிச்சான்ல, அங்க விட்டோம்ணே.”

“அவன் கிழிச்சானா, மாமியார்க்காரி கிழிச்சாளா?”

“அவதான் கிழிச்சா. இவன் பாத்துக்கிட்டு நின்னான்.”

“பாத்துக்கிட்டு நின்னா அவனும் கிழிச்ச மாதிரிதான். ரிவர்ஸ் போடு. ஆனா அந்தம்மாவ நீ ஏன் இவ்வளவு திட்டுற? கண்ணாடியப் பாரு. ஒத்தப் புள்ளையப் பெத்தவ... லெஃப்ட்ல ஒடி... அவளுக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கும்ல? போதும், நிறுத்து.”

வண்டி இரண்டு வண்டிகளுக்கு நடுவே பிசகில்லாமல் நின்றிருக்கும். எப்படி நின்றது என்று ஓட்டியவருக்கே தெரியாது. அவர் இத்தனை நேரமும் துருக்கிச் சீரியலின் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மலையடிவார ஊரான எங்கள் காரகோலின் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் கத்துவார்கள். எசென்குல் பேசுவார். ஐம்பத்தேழு வயது, குட்டையான உருவம். காதுகளை மூடும் கம்பளித் தொப்பி ஏப்ரலுக்கு முன் அந்தத் தலையை விட்டு இறங்கியதில்லை. கோட்டின் வலது பையில் வறுத்த சூரியகாந்தி விதை, இடது பையில் அதன் தொலி. ஒன்று குறையக் குறைய மற்றது நிறையும். அவர் குரல் உயர்வது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான். அது, “ரோட்டைப் பாத்துப் பேசு!”

அந்த வாக்கியம் சினிமாவிலிருந்து வந்தது. “படத்துல கார் ஓட்டுற எவனாவது ரோட்டப் பாக்குறானா? பக்கத்துல இருக்குறவ மூஞ்சியவே பத்து நொடி பாக்குறான். பத்து நொடில நம்மூர்ல மூணு மாடு குறுக்க வந்துரும்!” நடிப்பு, கதை, இசை எல்லாம் அவருக்கு அப்புறம்தான். கார் ஓட்டும் காட்சியில் நடிகரின் கண் எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒவ்வொரு ஜனவரியிலும், கடல் கடந்த ஊரில் கொடுக்கும் அந்தப் பெரிய விருதுக்கான இறுதிப் பட்டியல் வெளியானதும், ஐந்து படங்களின் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி வெயில் மறைப்பின் உட்புறம் செருகிக்கொள்கிறார். ஐந்தையும் தேடிப்பிடித்து, மனைவி உம்சுனையோடு சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறார். உம்சுனை காலுறை பின்னுவார். திரையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. கேட்டால், “எல்லாம் காதுல விழுதே. நல்ல படம்னா கண்ணு தானா அங்க போகும்,” என்பார். ஒவ்வொரு படம் முடிந்ததும் எசென்குல் காகிதத்தில் பழைய தர எண்ணை அழித்துப் புதிய எண்ணைப் போடுவார்.

படத்தின் முடிவை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். “முடிவச் சொல்றவன் சிக்னல் போடாமத் திரும்புறவன்” என்பது அவர் கட்சி.

பயிற்சிப் பள்ளியின் மற்ற எட்டுப் பேரும் அவரைச் சும்மா விடுவதில்லை. “ஒன் வண்டில ஏறினவங்க லைசென்ஸ் வாங்குறாங்களோ இல்லையோ, மூக்கச் சிந்திக்கிட்டு இறங்குறாங்கய்யா.”

“சிந்தட்டும். கர்ச்சீப் அவங்களோடதுதானே?”

நான் இரண்டு முறை தேர்வில் தோற்ற பிறகு அவரிடம் வந்து சேர்ந்தேன். பஜார் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்; வயது நாற்பத்து மூன்று. கணவர் வேலைக்காக வெளிநாடு போன நாளிலிருந்து கார் முற்றத்தில் பனியைச் சுமந்துகொண்டு நின்றது. முதல் நாள், “என்ன பாத்துக்கிட்டிருக்க தங்கச்சி?” என்றார். ரோட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, “முன்னாடி ஒரு குதிரை வண்டி வருதுண்ணே,” என்றேன். அவருக்கு இருமல் வரும்வரை சிரிப்பு. எனக்குச் சீரியல் பழக்கமில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “அப்ப ஒன்ன எப்படி ஓட்டவெக்கிறது?” என்று உண்மையாகவே கவலைப்பட்டார். தினம் ஓர் அத்தியாயம் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது எனக்கு வீட்டுப்பாடம். மூன்றாம் முறை நான் தேறிவிட்டேன். முடிவை முதலில் சொல்வது அவருக்குப் பிடிக்காதுதான். ஆனால் இந்தக் கதை என் லைசென்ஸைப் பற்றியது இல்லை.

நான் கற்றுக்கொண்டிருந்த அந்த ஜனவரியில் பட்டியலின் ஐந்து பெயர்களில் ஒன்று எங்களுடையதாக இருந்தது. ‘ஏழாவது வளைவு.’ எங்கள் ஊருக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டரில் உள்ள கணவாயில், எங்கள் மொழியில் எடுத்த படம். ரொட்டி வாங்கப் போனாலும் அதே பேச்சு, முடிவெட்டப் போனாலும் அதே பேச்சு. படத்தின் ஒரு காட்சியில் ஓடிய ஆடுகளுக்குச் சொந்தக்காரர் சந்தையில் தனி மரியாதையோடு நடமாடினார்.

ஒரு ஞாயிறு மதியம் கலாசார மாளிகையில் படத்தைப் போட்டு, பிறகு கலந்துரையாடல் வைத்தார்கள். ஏற்பாடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தமாரா அக்கா. ஊரில் பாதிப் பேரைத் தலையில் குட்டி வளர்த்தவர். இயக்குநர் பெர்மெத் தலைநகரிலிருந்து வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மேடையில் குளிரில் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு பேர் எழுந்து பாராட்டினார்கள். எட்டாவதாக எசென்குல் எழுந்தார். தலையை விட்டு இறங்காத அந்தத் தொப்பி அன்று கையில் இருந்தது.

“படம் நல்லாருக்கும்மா. அந்தப் பொண்ணு கணவாய்லேருந்து கார்ல இறங்குற இடம் மட்டும் எனக்கு ஒட்டல. மூணு, நாலு, மறுபடி மூணுன்னு எவ்வளவு அழகா கியர் மாத்துறா! புருஷன் போய்ட்டான்னு இப்பதான் கேட்டவ, கியர் மாத்த மாட்டாம்மா.”

அரங்கம் சிரித்தது. எல்லோரும் அழுத காட்சி அது. சிரிப்பு கொஞ்சம் கோபத்தோடுதான் வந்தது.

“எசென்குல்!” என்று தமாரா அக்கா வகுப்பறைக் குரலில் எழுந்தார். “ஒலகமே நம்ம படத்தப் பாக்குது. ஒனக்கு அந்தக் கியர்க் குச்சிதான் கண்ணுல பட்டுச்சா? இது சினிமா. ஒன் டிரைவிங் ஸ்கூல் இல்ல. ஒக்காரு.”

கைதட்டல். பெர்மெத் மட்டும் தட்டவில்லை. ஒலிவாங்கிப் பக்கம் குனிந்து, “மாத்த மாட்டாங்கன்னு எப்படிச் சொல்றீங்கண்ணே?” என்றார்.

“தெரியும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என்னை வீட்டில் விடுவதாகச் சொல்லி எசென்குல் எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் நானும் உம்சுனையும். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பெர்மெத். கோட்டுகூடப் போடாமல் வந்திருந்தார். அவரை முன் சீட்டில் உட்காரவைத்து, ஹீட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டார் எசென்குல்.

“இப்ப சொல்லுங்கண்ணே.”

எசென்குல் வைப்பரைப் போட்டுவிட்டு, கையை ஸ்டியரிங் மேல் வைத்தார்.

“என் தம்பி போய்ட்டான்னு ஃபோன் வந்தப்ப நான் இங்க பஜார்ல நிக்கிறேன். அவன் ஊரு முப்பத்தஞ்சு கிலோமீட்டர். ரெண்டாவது கியர்லயே போய்ச் சேந்திருக்கேன். எஞ்சின் கத்துனது எனக்குக் கேக்கவே இல்ல. ஊர் எல்லைலயே சத்தம் கேட்டுச்சுன்னு அங்க நின்னவங்க சொன்னாங்க. அப்பவே பதினெட்டு வருஷம் இந்தத் தொழில்ல இருந்தவன்மா நான். இந்தக் கை அன்னிக்கு எங்க போச்சுன்னு தெரியல.”

பெர்மெத் அவர் கையையே பார்த்தார். பிறகு, “அந்த நடிகைக்குக் கார் ஓட்டவே தெரியாதுண்ணே. ரெண்டு வாரம் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டா. நல்லா ஓட்டுறான்னு காட்டணும்னு எனக்கும் ஒரு ஆசை வந்துருச்சு,” என்றார். “தப்பு எங்கன்னு இப்பதான் புரியுது. அந்த எடத்துல ஏதோ இடிக்குதுன்னு எனக்கே இருந்துச்சு.”

“படத்த இன்னைக்கோட ரெண்டு தடவ பாத்தாச்சு. மொத தடவ வீட்டுல பாத்தப்ப, பாதிலயே இவ ஊசியக் கீழ வெச்சுட்டா. முப்பத்திரண்டு வருஷத்துல அப்படி வெச்சதில்ல.”

“வெரல் வலிச்சுது,” என்றார் உம்சுனை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

காருக்குள் நடந்தது எங்கள் நான்கு பேருக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்தது அரங்கத்தில் நடந்தது மட்டும். இரண்டே நாளில் அவர் ‘கியர் எசென்குல்’ ஆனார். தமாரா அக்காவின் மருமகளும் அவள் தோழிகள் இரண்டு பேரும் வேறு பயிற்சியாளரிடம் மாறிக்கொண்டார்கள். பள்ளி முதலாளி அவரைக் கூப்பிட்டு, இனி வண்டிக்குள் சினிமா, சீரியல் பேச்சே கூடாது, மீறினால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

“தம்பி விஷயத்தச் சொல்லியிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்களேண்ணே,” என்றேன்.

“அது சபையில சொல்றதுக்காம்மா நடந்துது?” என்றார்.

முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். நான்கு நாள் அந்த வண்டிக்குள் ‘லெஃப்ட்’, ‘ரைட்’, ‘பிரேக்’ தவிர வேறு சொல் இல்லை. விளைவு பயங்கரமாக இருந்தது. நான் இரண்டு முறை பனிக்குவியல் மேல் ஏறினேன். பல் மருத்துவர், பயிற்சிப் பள்ளியின் இரும்புக் கேட்டில் முட்டினார். ஐந்தாம் நாள் ஆட்டுத் தரகர் ஓட்ட, என் முறைக்காக நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு முன் அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணே, கோச்சுக்காதீங்க. நீங்க பேசாம இருந்தா என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேக்குது.”

எசென்குல் தெருவின் இருபுறமும் பார்த்தார். விதை நான்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அந்த டாக்டர் என்ன ஆனான்?”

“வீட்டவிட்டுப் போய்ட்டான்ணே!”

“போய்ட்டானா! சொல்லவே இல்ல பாரு. மொதல்ல சிக்னலப் போட்டு வண்டிய எடு.”

தரகர் பாலத்தை ராஜாவைப் போலக் கடந்தார். கேட்டைச் சரிசெய்ய ஆள் வந்த அன்று முதலாளியும், “பேசித் தொலைங்கய்யா,” என்றுவிட்டார்.

மார்ச் மாதத்தில் விருது அறிவிப்பு எங்களுக்குக் காலை எட்டரை மணிக்கு. அன்று பத்து மணிக்கு என் மூன்றாவது தேர்வு. ஒரு சுற்று ஓட்டிப் பழகலாம் என்று எசென்குல் எட்டு மணிக்கே வந்துவிட்டார். ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. தெருக்களில் ஆளே இல்லை. எதிர் வெயில் கண்ணில் அடிக்க, தன் பக்கத்து மறைப்பை இறக்கினார். காகிதத்தை நான் பார்த்துவிட்டேன். ‘ஏழாவது வளைவு’க்கு நேரே இரண்டு என்று இருந்தது. ஒன்று என்ற எண், தீவு ஒன்றின் தபால்காரியைப் பற்றிய வேறொரு நாட்டுப் படத்துக்கு.

“ரெண்டாவதாண்ணே?”

“படம் அப்படித்தான் இருக்கு, என்ன செய்ய?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ரேடியோவைப் பார்த்தபடி, “என் கணக்கு இன்னைக்குப் பொய்யாப் போகட்டும்,” என்றார். மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பெயர் வாசித்தார்கள். தபால்காரிப் படம்.

ரேடியோவை அணைத்துவிட்டு, “நேராப் போ தங்கச்சி,” என்றார். அவ்வளவுதான். நான் நேராகப் போனேன். பூங்காவைத் தாண்டியபோது, “நிறுத்து, நிறுத்து, ஓரமா,” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் தமாரா அக்கா தனியாக நின்றிருந்தார். கையில் கைபேசி, அதில் இன்னும் அந்த விழாவின் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கே போகப் புறப்பட்டோம் என்பதையே மறந்தவர்போல இருந்தார். எசென்குல் இறங்கிப்போய், “ஏறுங்கக்கா, வீட்டுல விட்டுடுறோம்,” என்று பின்கதவைத் திறந்துவிட்டார். அக்கா ஏறி உட்கார்ந்தார். மூக்கு சிவந்திருந்தது.

“எசென்குல், நீ அஞ்சு படத்தையும் பாத்தவன்,” என்றார் கொஞ்ச தூரம் போனதும். “உண்மையச் சொல்லு. நாமதானே ஜெயிச்சிருக்கணும்?”

நான் ரோட்டைப் பார்த்தேன். கண்ணாடியில் தமாரா அக்காவின் கைகள் தெரிந்தன. வெறுங்கை, குளிரில் நீலம் பாரித்து, கைபேசியை அணைக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தன. எசென்குல் சீட்டில் முழுவதுமாகப் பின்னால் திரும்பினார். தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி, அந்தக் கைபேசியை மெல்ல வாங்கி அக்காவின் மடியில் வைத்துவிட்டு, அவர் கைகளில் முதலில் ஒன்றையும் பிறகு மற்றதையும், விரல் விரலாக மாட்டிவிட்டார்.