பைஃபோகல்ஸ் அணியின் எனிட்

இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் ஊர் மதுக்கடையான பப்பில் வியாழக்கிழமைதோறும் வினாடி வினா நடக்கும். ஓர் அணிக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாக வருகிறவர்களைக் பப்பை நடத்தும் ஜேனிஸ் சேர்ப்பதில்லை. எனிட் ஹார்க்ரீவ்ஸுக்குத் தொல்லை வந்தது இந்த விதியால்தான்.

எனிட் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்த வில்ஃபும் அவளும்தான் ஓர் அணி. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி உண்டல்லவா, அந்த பைஃபோகலையே அணிக்குப் பெயராக வைத்தார்கள். 'பை' என்றால் லத்தீனில் இரண்டு. இப்படி எண்ணைச் சுமந்து நிற்கும் சொற்கள் என்றால் வில்ஃபுக்கு உயிர். மதியம் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"நண்பகலுக்கு நூன்னு சொல்றோமே, அதுக்கு ஒன்பதுன்னு அர்த்தம். ரோமாக்காரன் கணக்குல பகலோட ஒன்பதாம் மணி. நமக்கு அது சாயங்காலம் மூணு."

"அப்புறம் ஏன் பன்னெண்டுக்கே தின்னுக்கிட்டிருக்கே?"

"மடத்துச் சாமியாருங்களுக்கு அந்நேரப் பிரார்த்தனை முடிஞ்சாத்தான் சாப்பாடு. பசி தாங்கல. அந்த மணிப் பிரார்த்தனையையே முன்னால இழுத்துட்டாங்க. நான் அவங்க கட்சி."

எனிட்டுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. ஊரே பார்த்துத் தெரிந்துகொண்டதை அவள் அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரலில் இடுப்பு ஆபரேஷனுக்காக தூரத்தில் தெற்கே டெவனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போன வில்ஃப் அங்கேயே இறந்துபோனான். அங்கேயே எரித்தும்விட்டார்கள். மறு வியாழக்கிழமை எனிட் வழக்கமான மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"வில்ஃப் தேறினதும் வந்துடுவான். ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கறேன்" என்றாள்.

"எழுதிக்கோ கண்ணு" என்றாள் ஜேனிஸ்.

கறிக்கடைக்காரர் மனைவி மரண அறிவிப்பைப் பத்திரிகையில் முன்பே பார்த்திருந்தாள். அன்று பப்பில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை வேறு. வாயைத் திறக்காமல் இருப்பதைத்தான் நாங்கள் அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெயிக்கும் அணி முன்னால் வந்து நிற்க வேண்டும். அடுத்த வாரக் கேள்விகளை அவர்கள்தான் தயாரிக்க வேண்டும். எனிட் ஜெயித்தால் வில்ஃப் எங்கே என்ற பேச்சு வந்துவிடும், ஆளில்லாத அணியை ஜேனிஸ் கலைத்துவிடுவாள் என்று அவள் பயந்தாள். அந்த ஒரு மாலையை விட்டால் வாரம் முழுக்க அவளோடு பேச வானொலிதான். எனவே வேண்டுமென்றே தோற்றாள். திருத்துவதற்காக அவளுடைய தாள் எங்கள் மேசைக்கு வரும். பிரான்சின் தலைநகர் லியோன் என்றுகூட ஒருமுறை எழுதியிருந்தாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வினாடி வினா முழுக்க எண் சொற்களாக வந்து விழுந்தது. அதற்கு முந்தைய வாரம் ஜெயித்த வாத்தியார்கள் அணி தயாரித்த கேள்விகள். செப்டம்பரில் எந்த எண் இருக்கிறது? ஏழு, பழைய ரோமாக் காலண்டரில் அது ஏழாம் மாதம். குவாரண்டைனில்? நாற்பது, கப்பல் கரையேறாமல் காத்திருந்த நாட்கள். பஞ்ச் பானத்தில்? ஐந்து, அதில் கலக்கும் பொருள்கள். இந்த மாதிரித் துணுக்குகளுக்கு நாங்கள் சொல்லும் ட்ரிவியாவில்? மூன்று, முச்சந்தியில் நின்று பேசும் வெட்டிப்பேச்சு. எல்லாம் வில்ஃப் சொல்லியிருந்த சொற்கள்; எனிட் நிமிராமல் ஒவ்வொன்றையும் சரியாக எழுதிக்கொண்டே போனாள்.

கடைசியில் நூன் வந்தது. பாதிப் பேர் பன்னிரண்டு என்று எழுதினோம். அவளும் அப்படி எழுதித் தப்பித்திருக்கலாம். வில்ஃப் சொல்லிக்கொடுத்ததைத் தப்பாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஒன்பது என்று எழுதினாள்.

"ஜெயிச்சது பைஃபோகல்ஸ்" என்றாள் ஜேனிஸ், கொஞ்சம் தயங்கி.

கைதட்டினோம். எனிட் எழுந்து முன்னால் போனாள். கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"வில்ஃப் வரமாட்டான். அவன் ஏப்ரல்லயே செத்துப்போயிட்டான். நான் பொய் சொல்லிட்டேன்."

ஜேனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும் கண்ணு. எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும்."

எனிட் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தாள். எங்கள் மேசையையும் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுமா ஒருத்தர்கூட வந்து என் பக்கத்துல உக்காரல?" என்றாள்.