தானாக ஏறிய கார்

காயில்ஓவர் சஸ்பென்ஷன் போட்ட கார் நாளாக ஆகக் கொஞ்சம் இறங்கும். ஸ்பிரிங் படியும், காலர் தளரும், நடப்பதுதான். ஆனால் தானாக ஏறாது. தினேஷின் கார் ஏறியது.

சிங்கப்பூரில், ஈசூனில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் நான் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். காயில்ஓவரில் ஸ்பிரிங்குக்கு அடியில் மரை போட்ட காலர் ஒன்று இருக்கும். அதைத் திருகித்தான் காரை ஏற்றுவதும் இறக்குவதும். உயரம் சரியானதும் லாக் ரிங்கை இறுக்கிவிட வேண்டும். வாடிக்கையாளர் தினேஷ் நன்றாக இறக்கச் சொன்னார், இறக்கிக் கொடுத்தேன்.

மறுமாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே இது? டயருக்கு மேல மூணு விரல் போகுது லா. திரும்ப வரட்டும்னு வேணும்னே லூசா விட்டீங்களா?"

"லூசா விட்டா இறங்கும் தம்பி, ஏறாது."

அவர் நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. இலவசமாக இன்னொரு முறை சக்கர அலைன்மென்ட் பார்த்துக்கொள்ள நாடகம் ஆடுகிறார் என்று நினைத்தேன். மறுபடி இறக்கி, லாக் ரிங்கும் காலரும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். யாராவது கை வைத்தால் கோடு விலகும்.

கார் மறுபடி ஏறித்தான் வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் என் வெள்ளைக் கோட்டையே காணோம். சுத்தமாகத் துடைத்து, அங்கே மெல்லிய ஆரஞ்சுக் கோடு போட்டிருந்தது. நான்கு மூலையும் ஒரே உயரம், இம்மி பிசகவில்லை. திருட்டு வேலை செய்கிறவன் கையெழுத்துப் போடுகிற மாதிரி கோடு போட்டுவிட்டா போவான்? பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன் மேல் எனக்குச் சந்தேகம். முதலாளி அமீது பாய்க்கோ என் மேல்.

"வெளியில தனியா வேலை செஞ்சு குடுக்குறியா ரவி? கலரை மாத்திட்டா எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை இந்தக் கார் ஏறி வந்துச்சு, நீ வேற இடம் பாத்துக்க."

இந்த வயதில் என்னை எவன் புதிதாக வேலைக்கு எடுப்பான்? எத்தனையோ வருடம் கூட இருந்தவர் ஒரு நொடியில் அப்படிக் கேட்டாரே என்ற ஆத்திரம் வேறு.

நான் இறக்கி அனுப்பிய கார் மூன்றாம் முறையும் ஏறி வந்தது. இந்த முறை தினேஷோடு அவர் மனைவி காயத்ரி. விமானம் பழுதுபார்க்கிற வேலை, ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். பாய் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கடைச் சாவிய வச்சுட்டுக் கெளம்பு."

நான் வாயைத் திறப்பதற்குள் காயத்ரி முன்னால் வந்தார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க பாய். நான்தான் ஏத்துறேன்."

தினேஷ் சிரித்தார். காயத்ரி சிரிக்கவில்லை.

"வாரத்துக்கு மூணு நாள் அப்பாவ தேக்கா வீட்டுலேருந்து டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். இவ்ளோ தாழ்வா இருந்தா அவரால சீட்லேருந்து எந்திரிக்க முடியல. அன்னிக்கு ரோட்லயே விழுந்துட்டாரு." தினேஷ் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட சொன்னேன்ல? டாக்சில போகட்டும்னீங்க. நீங்க எம்ஆர்டி ரயில்ல ஏறி வேலைக்குப் போனதும் நானே ஜாக் போட்டு ஏத்திட்டேன். காலர் திருகுற ஸ்பேனர்தான் கார் பூட்லயே கிடக்குதே."

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"கோடு எதுக்கும்மா போட்டீங்க? கோடு இல்லேன்னா என் மேல இவ்வளவு சந்தேகம் வந்திருக்காதே."

"ப்ளேன்ல நட்டு டைட் வச்சா கோடு போட்டாகணும்ணே. போடாம விட கை வராது. சாரி."

தினேஷ், "இதே ஹைட்ல இருக்கட்டும்ணே," என்றார். அலைன்மென்ட் மட்டும் பார்த்து அனுப்பினேன்.

இப்போதெல்லாம் எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன், வண்டியில் யார் யார் ஏறுவார்கள் என்று கேட்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் அதை முதலில் கேளுங்கள்.

பாய் மன்னிப்புக் கேட்கவில்லை. தே தாரிக் டீ வாங்கிவந்து என் முன்னால் வைத்தார், குடித்தேன். ஆனால் இன்றைக்கும் வேலை முடிந்ததும் ஒவ்வொரு சக்கரத்தையும் போனில் படம் எடுக்கிறேன். பாயையும் பக்கத்தில் நிற்க வைத்துத்தான்.