ஆடு கத்தாத ஆர்மோனியம்

எங்கள் பாளையங்கோட்டை வேதக்கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டி ஒன்று இருந்தது. வாசிக்கிறவள் நான். அதன் நடுக்கட்டைகளில் ஒன்று மட்டும் எப்போது தொட்டாலும் ஆடு மாதிரி கத்தும். ஜெர்மன் சண்டைக்கு முந்தி, சபையார் வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்து, அதை விற்ற காசில் பெட்டியைப் பழுது பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

பழுது பார்க்கக் கடல் தாண்டுகிற சாமான் திரும்பி வரும்போது தீர்வை கிடையாது. ஆனால் போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டும். கப்பலில் ஏற்றும் முன்பே தூத்துக்குடி சுங்க ஆபீஸில் அதைக் கேட்டார்கள். பெட்டியின் நம்பரைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கேட்காத உண்மையையும் சேர்த்துச் சொல்லுகிற மனுஷர். "ஒரு கட்டை ஆடு மாதிரி கத்தும் ஐயா" என்றார். என்னை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அதையே அடையாளமாக எழுதிக்கொண்டார்.

பெட்டி இல்லாத நாட்களில் சங்கீத வாத்தியார் ஒருவர் பிரம்பால் மேசையைத் தட்டிக்கொண்டு பாட்டு நடத்தினார். அவர் குரலுக்கு ஆடே தேவலை. ஆனால் சபைப் பெரியவர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "அறுப்பின் பண்டிகைக்குள்ள பெட்டி வரலைன்னா இவரே இருக்கட்டும். பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு அந்த நாற்காலி?" என்றார்கள். ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெட்டி கப்பலில் வந்து சேர்ந்தது. அதே அதிகாரி. நான் எல்லாக் கட்டைகளையும் வாசித்தேன். தேனாக ஒலித்தது.

"ஆட்டைக் காணோமே வாத்தியாரையா?"

"அதைச் சரி பண்ணத்தானே ஐயா அனுப்பினோம்!"

"நான் எழுதினது கத்துத பெட்டி. வந்திருக்கது கத்தாத பெட்டி. அப்போ இது வேற பெட்டில்லா? தீர்வை கட்டுங்க. இல்லைன்னா மெட்ராஸுக்கு எழுதிப் பதில் வார வரைக்கும் இங்கன கெடக்கட்டும்."

தீர்வைக்குச் சபையில் காசு இல்லை. மெட்ராஸ் பதில் வருவதற்குள் என் நாற்காலி போய்விடும். அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டார். "நான் சாப்பிடப் போறேன். வாரதுக்குள்ள ஆடு வந்துட்டா, எனக்கு ஒரு தடையும் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கொண்டையூசியை உருவினேன். அப்பா பொய்யும் சொல்ல மாட்டார், என்னைத் தடுக்கவும் மாட்டார். கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பின்பலகையைத் திறந்து, அந்தக் கட்டைக்குக் கொழும்புக்காரர் நேராக்கியிருந்த பித்தளை நாக்கை மறுபடி கோணலாக நெம்பினேன். அத்தனை வீட்டுப் பிடியரிசியும் அந்த ஒரு நெம்பலில் போயிற்று.

அதிகாரி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். கட்டையை அழுத்தினேன். "மே" என்றது. உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பண்டிகையன்று கோயில் நிறைந்திருந்தது. முதல் பாட்டிலேயே பெட்டி கத்தியது. வெளியே காணிக்கை ஏலத்துக்குக் கட்டியிருந்த ஆடுகள் ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்தன. பிள்ளைகள் சிரித்தார்கள், குருவானவர் இருமினார். சங்கீத வாத்தியார் பிரம்போடு என் பக்கத்தில் வந்து, எழுந்திருப்பேன் என்று காத்து நின்றார்.

நான் அடுத்த பாட்டை ஆரம்பித்தேன்.