மாமாவுக்குப் பிடிக்காதவை

என் மாமாவுக்கு எந்த நாட்டில் நிற்கிறாரோ அந்த நாடு ஆகாது. அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கூப்பிடுவார். "யக்கா, இங்க தெருவுல ஈ காக்கா கிடையாது, கேட்டியா? பக்கத்து வீட்டுக்காரன் பேரு கூடத் தெரியாது. ஒருத்தன் வீட்டுக்குப் போகணும்னா முன்னாடியே போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் போகணும்" என்று புலம்புவார். நாங்கள் இருக்கிற ஹைதராபாத்தில் வந்து இறங்கிவிட்டாலோ பாட்டு மாறிவிடும். "என்ன ஊருக்கா இது? ஹாரன் அடிச்சே மனுசன சாகடிக்கான். அங்கெல்லாம் ஒரு சத்தம் இருக்காது." அம்மா இரண்டையும் ஒரே பக்தியோடு கேட்டுக்கொள்வாள். தம்பி சொன்னால் அவளுக்கு இரண்டும் சரிதான்.

அவளுக்கு ஒரே தம்பி அவர். பாளையங்கோட்டையில் காலேஜ் முடித்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கித்தான் அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் படித்தார். அப்பாவுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. வீடு திருமுல்கேரியில், ஒரு பழைய காலனியின் கடைசி வரிசையில். மாமா விசா கிடைத்துப் போன பிறகு, அவர் படுத்திருந்த கட்டிலில் அம்மா வேறு யாரையும் படுக்க விடவில்லை. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கூடத் தரையில் பாய் விரித்துத்தான் படுத்தார்கள். அந்தக் கோபம் சிலருக்கு இன்னும் தீரவில்லை.

முதல் தடவை லீவில் வந்தபோது மாமா எதையும் விட்டுவைக்கவில்லை. கொசு, தூசி, தண்ணீர் லாரிக்காரனின் திமிர், சாயங்காலமானால் தவறாமல் போகிற கரண்ட் எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே எதிர்வீட்டு அத்தை. அத்தையின் குடும்பம் ரயில்வே பட்டறை வேலைக்காக அந்தக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டது. தமிழ்தான் பேசுவார், ஆனால் பாதி புரிவதற்கு உருது தெரிந்திருக்க வேண்டும்; ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார், ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார். மாமா பெட்டியைக் கீழே வைப்பதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"கைக்குப்பா இவ்ளோ எளைச்சுப் போனே? சம்பளம் எவ்ளோ வருது? பொண்ணு பாத்தாச்சா, இல்லே வெள்ளைக்காரியா?"

"இந்த நாட்டுல ஒரு மனுசன நிம்மதியா இருக்க விடமாட்டாவளா?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை அசரவில்லை. மறுநாளும் வந்தார், கையில் ஒரு தட்டு மிர்ச்சி பஜ்ஜியோடு.

இரண்டாவது தடவை வரும்போது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தைய ஞாயிறு போனில், பேகம்பேட்டில் புதிதாக வந்திருக்கிற ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். "பாப்போம்க்கா. பிடிச்சா அங்கனயே இருந்துருவேன்."

பிடிச்சா! அந்த ஒரு வார்த்தை அம்மாவைப் பிடித்து ஆட்டிவைத்தது. போன தடவை தம்பி எதையெல்லாம் திட்டினானோ அத்தனையையும் வீட்டை விட்டுத் துரத்துவது என்று முடிவு செய்துவிட்டாள். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்தாயிற்று. தூசிக்காகக் கண்ணாடிக் கதவுகள் எந்நேரமும் மூடிக் கிடந்தன. தண்ணீர் கேன் வந்து இறங்கியது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே தவணையில் ஒரு இன்வெர்ட்டர் வாங்கினார். அது தானாக ஓடாது. கரண்ட் போனதும் ஒரு சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. "ஏட்டி, ஃபேன் சுத்துறது நிக்கக்கூடாது. அதுக்குள்ள போட்டுரணும், என்ன?" என்று அம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் லீடர் ஆனபோது கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

கடைசியாக எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அம்மா நெளிந்து வளைந்து, தம்பி களைப்பாக வருவான், கொஞ்சம் அமைதி வேண்டுமாம் என்றெல்லாம் சுற்றி வளைத்தாள். அத்தைக்குப் புரிந்துவிட்டது.

"ஹவ், ஹவ். நான் கைக்கு வரப்போறேன்? உன் தம்பி, உன் வீடு."

சொன்னபடியே அவர் வரவில்லை.

மாமா வந்தார். வீட்டில் சத்தமில்லை, கொசுவில்லை, கேள்வி கேட்க ஆளில்லை. நாங்களே மெதுவாகத்தான் பேசிக்கொண்டோம். முதல் நாள் நன்றாகத் தூங்கினார். இரண்டாம் நாள் இங்கும் அங்கும் நடந்தார். கதவைத் திறந்து எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு, "அத்தை ஊர்ல இல்லியா?" என்றார்.

"இருக்காவ. நீ நிம்மதியா இரு" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. எங்கள் காலனியில் கரண்ட் போனால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "ஓ!" என்று ஒரு கூச்சல் போடுவோம். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாற்காலிகள் தெருவுக்கு வரும். அத்தை பஜ்ஜி போடுவார். கரண்ட் வரும்வரை பேச்சும் சிரிப்பும் ஓயாது. அமீர்பேட்டையில் படித்த காலத்தில் மாமாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராம். கூச்சல் போடுவதில் பிள்ளைகளுக்கே அவர்தான் தலைவராம். அதை அப்பா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று கூச்சலுக்கு நான் போகவில்லை. எனக்கு வேலை இருந்தது. சுவிட்சைத் தூக்கினேன், ஃபேன் நிற்கவே இல்லை. நாற்காலியோடு எழுந்து வாசல் பக்கம் போன மாமா அப்படியே நின்றுவிட்டார். தெருவே இருட்டாக இருக்க, எங்கள் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

"எங்க போற? ஃபேன் ஓடுதுல்லா, இரு" என்றாள் அம்மா.

மாமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது லேசாகக் கேட்டது. "அமெரிக்கா மாதிரியே ஆக்கிட்டியேக்கா" என்றார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவிடம், பால்காரரிடம், ஊருக்குப் போன் போட்டுப் பெரியம்மாவிடம், எல்லோரிடமும் அதைச் சொன்னாள். "அமெரிக்கா மாதிரியே இருக்குன்னுட்டான்!" நானும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

பேகம்பேட் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. மாமா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கிளம்புகிற அன்று காலை சாப்பிட்டுக்கொண்டே, "வேண்டாம்க்கா. அங்கயே இருக்கேன்" என்றார்.

அம்மா கையிலிருந்த தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னடா குறை வச்சேன்? சொல்லு. என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லக்கா. அங்க இருந்தா, ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாம்."

இது என்ன பதில் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதாள். வீடு திரும்பிய பிறகும் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டே, ஏதோ ஒன்றை மறந்திருக்கிறேன், இன்னும் எதையோ சரி பண்ணியிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

மாமா இல்லாத வீட்டில் யாருக்கும் ஒழுங்கு தேவைப்படவில்லை. ஜன்னல் கதவுகள் திறந்துகொண்டன. அத்தையும் ஒரு தட்டோடு வந்து, ஒன்றும் நடக்காதவர் போல உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு சாயங்காலம் மாமா கூப்பிட்டார். அம்மா அடுப்படியில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. நான் சுவிட்சைத் தூக்கப் போகவில்லை. யாருக்காகத் தூக்குவது? வெளியே "ஓ!" என்று கூச்சல் கிளம்பியது.

"ஏட்டி, கரண்ட் போயிட்டா?" மாமாவின் குரல் மாறியிருந்தது.

"ஹவ் மாமா."

"அந்த போனைக் கொஞ்சம் ஜன்னல்கிட்ட பிடி."

வயரை இழுத்து, எட்டியமட்டும் நீட்டிப் பிடித்தேன். பிள்ளைகள் கத்தினார்கள். நாற்காலிகள் இழுபட்டன. யார் வீட்டிலோ இன்று என்ன சண்டை என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. மாமாவுக்குப் பிடிக்காத சத்தங்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்து வருகிறதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கை வலித்த பிறகு ரிசீவரைக் காதில் வைத்தேன். "மாமா, மாமா" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

"மாமா என்ன சொன்னான்?" என்று அம்மா ஓடி வந்தாள்.

"ஒண்ணும் சொல்லல. சளி பிடிச்சிருக்கும் போல."

"மிளகு ரசம் வச்சுக் குடிக்கச் சொல்லியிருக்கலாம்லா!"

அடுத்த வாரம் மறக்காமல் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.