கொத்தாத மணல்

இரவு மழையில் நனைந்த கடல்மணல் காலையில் மேலே பொலபொலவென்று காய்ந்திருக்கும். இரண்டு விரல் ஆழத்தில் சீமெந்துபோல இறுகிக் கிடக்கும். வெறுங்காலால் மிதித்தால் குதிகாலில் சுள்ளென்று தெரியும். சாய்ந்தமருதில் எங்கள் பாடசாலையின் நீளம் பாய்தல் குழியில் கொட்டியிருந்ததும் அந்த மணல்தான். பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் நாட்களில், பயிற்சிக்கு முன் ஒருத்தி முறைவைத்து அதை மண்வெட்டியால் கொத்திப் புரட்டவேண்டும். விளையாட்டு டீச்சர் குனிந்து கையைச் செருகிப் பார்ப்பார். "முழங்கை வரைக்கும் இறங்கோணும் புள்ளையள், இல்லாட்டி ஆரும் பாயப்படா" என்பார்.

அன்று என் முறை. எனக்குப் பதின்மூன்று வயது. கொஞ்சம் கொத்தியதுமே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. டீச்சரும் ஏதோ கூட்டத்தில் இருந்தார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு, ஒரு பலகைத் துண்டால் மேல்மணலை மட்டும் இழுத்துச் சமப்படுத்தினேன். பார்ப்பதற்கு நன்றாகக் கொத்தியதுபோலவே இருந்தது.

பரீனா எங்கள் பக்கத்து வளவு, என் வகுப்பு. எங்கள் இல்லத்தில் அவளைவிட நீளமாகப் பாய ஆளில்லை. இந்த முறை வலய மட்டத்துக்குப் போவாள் என்று அவளுடைய வாப்பா புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார். ஓடுபாதையின் முனையில் நின்று கேட்டாள்:

"கொத்தினயாகா?"

"ஓம்கா, பாயி."

ஓடிவந்து பாய்ந்தவளின் கால் மணலில் புதையாமல் அப்படியே நின்றுவிட, உடம்பு மட்டும் முன்னால் போனது. காய்ந்த மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த நாங்கள் விவரமறியாமல் அந்தக் காலைப் பிடித்து நேராக்க இழுத்தோம். அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஓடிவந்த டீச்சர், "இழுக்காதங்க, உடுங்க" என்று எங்களை விலக்கி, காலை அந்தப் பலகைத் துண்டோடு சேர்த்துத் தன் சால்வையால் கட்டினார். முச்சக்கரவண்டி வரும்வரை அருகிலேயே இருந்த டீச்சர் கையை மணலுக்குள் செருகினார். அது விரல்களோடு நின்றது.

"ஆரு கொத்தின?"

கிடந்தபடியே பரீனாதான் சொன்னாள்: "நான் பாக்காமப் பாஞ்சிட்டன் டீச்சர்."

இரண்டு தரம் சத்திரசிகிச்சை செய்தும் அந்தக் கால் முழுதாக மடங்கவில்லை. அவள் பிறகு பாயவேயில்லை. கல்யாணமாகி அட்டாளைச்சேனைக்குப் போனாள். தரையில் இருக்கமுடியாமல் கதிரையில் இருந்துதான் தொழுகிறாள் என்று அவளுடைய உம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்று அந்தக் குழி இருந்த இடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. டீச்சர் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பரீனாவைக் கண்டேன். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, "அண்டைக்கு நான் கொத்தல்லகா" என்றேன்.

"தெரியும். விழக்குள்ளேயே தெரியும்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ பள்ளிக்கூடம் வராம நிண்டுருவாய் எண்டு நினைச்சன்."

சாப்பிட அழைத்தார்கள். அவள் எழும்புவதற்குக் கையை நீட்டினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. கதிரையின் விளிம்பைப் பிடித்து, மடங்காத காலை முன்னால் நீட்டி, மெல்ல எழும்பினாள்.