ஒற்றைக் கையில் திறக்கும் கத்தி

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு கத்தி வாங்கினார். மொபைலில் பார்த்துப் பார்த்து வரவழைத்த மடக்குக்கத்தி. அட்டைப்பெட்டிக்குள் ஒரு வெல்வெட்டுப் பை, பைக்குள் கத்தி. கல்யாண மோதிரத்தைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக எடுத்து நான் பார்த்ததில்லை. அலகின் அடியில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று திறந்துகொள்ளும். ஒரு கை போதும்.

அதற்கு ஒரு வகுப்பே எடுத்தார் மனுஷன். மணிக்கட்டை உதறக் கூடாதாம். கட்டைவிரல் மட்டும்தான் வேலை செய்ய வேண்டுமாம். மற்ற விரல்கள் அலகு வரும் வழியில் நிற்கக் கூடாதாம். நல்லேப்பிள்ளியில் என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து டக், டக் என்று திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

“ரெண்டு கையும் நல்லா இருக்கறவங்களுக்கு இது எதுக்குங்க மாப்ள?” என்றேன். பேச்சில் ஒரு ‘ங்க’ போடுவது எங்கள் பக்கத்து மரியாதை. அது மனசிலிருந்தும் வர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கம்பெனியில் ஒரு கை எப்போதும் சரக்குக் கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், இன்னொரு கையால்தான் நாடாவை அறுக்க வேண்டும், அப்படியே பழகிவிட்டது என்றார். அந்தக் கம்பெனிதான் உங்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டதே, இன்னும் என்ன கம்பெனிப் பெருமை என்று கேட்டுவிட்டேன். அவர் கத்தியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். போகட்டுமே என்று இருந்தேன்.

என்னிடமும் ஒரு கத்தி உண்டு. இருபது வருஷமாக இடுப்பு பெல்ட்டில் கிடக்கிறது. ஒரு கையால் பிடியை அழுத்திப் பிடித்து, மறு கை நகத்தைக் குழியில் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். அந்த இறுக்கத்தைத்தான் தரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு முறைத்தேன்.

வேலை போனதும் ஒரு கறவை மாடு வாங்குவதென்று முடிவு செய்தார்கள். தாலியைத் தவிர இருந்த நகையைத் தங்கை விற்றாள். அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் இனி வீடு நடக்க வேண்டும். மாடு பார்க்க நான் இல்லாமல் முடியுமா? வேலந்தாவளம் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பல்லைப் பாருங்கள் என்றால், மாட்டிடம் அனுமதி கேட்பதுபோல மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாம் ஈத்துச் சினையாக இருந்த ஒரு செவலைப் பசுவை நானே பார்த்து முடித்தேன்.

எங்கள் பக்கம் மாட்டை விற்பார்கள், கயிற்றை விற்கமாட்டார்கள். கயிற்றோடு தொழுவத்து ராசியும் போய்விடும் என்று விற்றவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். வாங்குகிறவன் புதுக்கயிறு போட வேண்டும். பழைய கயிற்றைக் கையால் அவிழ்க்க வேண்டுமே தவிர அதில் இரும்பு படக் கூடாது. பட்டால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது என்பார்கள். வண்டியில் ஏற்றியதும் அவிழ்த்துக்கொள்கிறேன் என்றார் விற்றவர். தரையிலேயே கயிற்றை மாற்றியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த நான், புதுக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சரி என்று தலையாட்டினேன்.

மாப்பிள்ளை குட்டியானை வண்டிமேல் நின்று மாட்டின் கழுத்துக் கயிற்றை வண்டிக் கம்பியில் கட்டினார். பலகையில் ஏறிய மாடு பின்கால் வழுக்கிப் பக்கவாட்டில் சரிந்தது. முழுப் பாரமும் கழுத்துக் கயிற்றில். நாக்கு வெளியே வந்துவிட்டது. நான் ஓடிப்போய் அதன் நெஞ்சுக்கடியில் தோளைக் கொடுத்து, இடது கையால் கழுத்தை அணைத்துத் தூக்கினேன். விற்றவர் முடிச்சை நோண்டினார். அது இறுகிக் கல்லாகியிருந்தது.

மேலே மாப்பிள்ளை ஒரு கையால் கொம்பைப் பிடித்திருந்தார். மறு கையில் டக்கென்று சத்தம்.

“மச்சான், அறுக்கட்டுங்களா?”

“வேண்டாமுங்க மாப்ள. அது அவுங்க கவுறு. அவுத்துருவாங்க.”

அவர் நிறுத்தினார். மாட்டின் கண் மேலே செருகியது. கால் உதறுவது குறைந்தது. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? அறுத்தே தீர வேண்டுமென்றால் என் கத்தியால் அறுப்போம் என்று. வலது கையால் பெல்ட்டிலிருந்து எடுத்தேன். நகம் குழியில் நிற்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். பல் வலித்ததே தவிர அலகு அசையவில்லை. இருபது வருஷத் தரம்!

மாப்பிள்ளை என்னை மறுபடி கேட்கவில்லை. ஒரே இழுப்பில் அறுத்தார்.

மாடு என்மேல் விழுந்தது. இரண்டு பேரும் சாணியில் கிடந்தோம். கொஞ்ச நேரத்தில் அது மூச்சிழுத்து, இருமி, எழுந்து நின்றது. விற்றவர் இரண்டு துண்டுக் கயிற்றையும் பொறுக்கிக்கொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினார். மாப்பிள்ளை அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், என் கோலத்தைப் பார்த்துத் தங்கை பதறினாள். மாப்பிள்ளைதான் சொன்னார்.

“உங்கண்ணன் தோள் குடுத்துத் தாங்குனாரு. இல்லீன்னா மாடு போயிருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். அறுக்காதே என்று நான் தடுத்ததையும் சொல்லவில்லை, கத்தியைக் கடித்ததையும் சொல்லவில்லை. தங்கை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். வெட்கங்கெட்ட ஜென்மம், நான் அப்படியே நின்றேன்.

மாடு கன்று போட்டு இப்போது நன்றாகக் கறக்கிறது. யார் வந்தாலும் அதைக் காட்டி, அண்ணன் காப்பாற்றிய மாடு என்றுதான் தங்கை சொல்கிறாள். மாப்பிள்ளை பக்கத்திலேயே புல் போட்டுக்கொண்டிருப்பார். என் முன்னால் அவர் அந்தக் கத்தியைத் திறப்பதில்லை. நான் அந்தப் பாலில் போட்ட காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.